பெட்டிக்குப் போட்ட மாலை

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நெல் கொள்முதல் நிலையத்தில் குந்தவையின் பெட்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்து வைக்கும் கருவி அது. நெல் தூற்றும் இயந்திரம் ஓடினால், நெல்லின் மேலுள்ள மெல்லிய முள்தூளான சுணை பறக்கும். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கழுத்து அரிக்கும், கண் எரியும், வீட்டுக்குப் போனாலும் இருமல் விடாது. அந்தத் தூசி எவ்வளவு, அது நெஞ்சை என்ன செய்கிறது என்று ஆராய மத்திய அரசு பணம் ஒதுக்கி, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியிடம் வேலையை ஒப்படைத்திருந்தது. தாள் மாற்றுவதும் எடை போடுவதும் குந்தவையின் பொறுப்பு. வேதியியல் படித்துவிட்டுச் சுணைக்குள் நிற்கிறாளே என்று ஊர் முதலில் கேலி பேசியது. அவள் கண்டுகொண்டால்தானே!

அரசு அனுப்பும் ஆய்வுக்குழு நேரில் வந்து பார்த்துத் திருப்தியானால்தான் அடுத்த வருடத்துக்குப் பணம் வரும். வராவிட்டால் எல்லாம் பாதியில் நிற்கும். தூசி உறிஞ்சும் விசிறி வேண்டுமென்று கேட்கக் கையில் ஆதாரம் இருக்காது. சுமைதூக்குவோருக்குத் தலைவர் துரைராசு, குந்தவைக்குச் சொந்தத் தாய்மாமன். அவருடைய இருமலைக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

குழு வந்த நாளில், காலையிலேயே புதுத்தாளை வைத்துவிட்டு, வருகிறவர்களை அழைத்துவர ரயிலடிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தவளுக்குப் பகீரென்றது. நெல் அம்பாரத்துக்குப் படுதா போர்த்தி, தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து, வாசலில் கோலம் வேறு. இயந்திரம் ஓடவில்லை. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, காற்றை உறிஞ்சும் வாயை மூடி ஒரு சம்பங்கி மாலை! துரைராசு சலவை வேட்டியில் பெண் வீட்டுக்காரர் போலக் கைகூப்பி நின்றார்.

குழுத் தலைவி அபயாம்பாள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தாள் வைத்தது வைத்தபடி வெள்ளையாக இருந்தது.

"தூசியே இல்லையேம்மா. இதுக்கா இன்னும் ஒரு வருஷம் கேக்குறீங்க?"

ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் வெங்கிக்கு வியர்த்துவிட்டது. குந்தவையின் காதருகே குனிந்தார். "போன வாரத் தாள் பையில இருக்குல்ல? இன்னைக்குள்ளதுன்னு காட்டிடும்மா."

அவள் பையைத் தொடக்கூட இல்லை. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "மேடம், இந்தத் தாள் செல்லாது. உங்களுக்கு மரியாதை பண்றோம்னு மெஷினை நிறுத்திட்டாங்க, பெட்டிக்கு மாலையும் போட்டுட்டாங்க. மத்தியானம் வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க."

துரைராசு பதறிப்போனார். "வந்தவங்க மேல சுணையைக் கொட்டுறதா? நம்ம வழக்கமா இது?"

"அவங்க சுணையைப் பாக்கத்தான் மாமா வந்திருக்காங்க. மெஷினைப் போடச் சொல்லுங்க."

புதுத்தாள் வைத்தாள். இயந்திரம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் குழுவில் வந்த மற்ற அதிகாரிகள் கழுத்தைச் சொறிந்தபடி காருக்குள் போய்ப் புகுந்துகொண்டார்கள். அபயாம்பாள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளையும் பாராட்டத்தான் வேண்டும். மத்தியானம் எடுத்த தாள் உமி நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் துரைராசுவிடம் கேட்டார்:

"தினமும் இதுக்குள்ளயா நிக்கிறீங்க?"

"சீசனுக்கு மட்டுந்தாங்க" என்று இருமிக்கொண்டே சொன்னார் அவர்.

வெள்ளைத் தாளையும் அவள் தூக்கிப் போடவில்லை. மாலை போட்டதால் செல்லாது என்று எழுதி, அறிக்கையிலேயே சேர்த்துவிட்டாள்.

பங்குனியில் பணம் வந்தது, ஒரு நிபந்தனையோடு. இனி ஆய்வுக்குழு முன்கூட்டிச் சொல்லாமல்தான் வரும். ஓடிப்போய் அதைத் துரைராசுவிடம் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது.

"சொல்லாம கொள்ளாம வந்து நின்னா, நான் மாலைக்கு எங்கம்மா போவேன்?"