ஐந்து நட்சத்திரக் கவனிப்பு

விமலாதேவி ஒரு துரும்பையும் அசைக்காமல் சம்பளம் வாங்குகிறாள் என்று அவள் கணவர் தேவராசா சொல்வார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரசபைக்காக வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிப்பது அவள் வேலை. அவர்கள் தாங்களாகவே காலுறையை மாட்டி முடிக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாட்டிவிட்டால் சட்டென்று முடிந்துவிடும்தான். ஆனால் அவர்களிடம் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சப் பலமும் போய்விடும்.

டோஹாவில் மகனோடு இருக்கும் அவளுடைய அண்ணர் பரமலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்து வலது கை வழங்காமல் போனது. மகன் ஒரு கம்பனி மூலம் வீட்டுக்கே தாதியை வரவழைத்தான். அவள் குளிப்பாட்டினாள், தலை சீவினாள், சோறு ஊட்டினாள். ராஜ கவனிப்பு என்று அண்ணர் பூரித்துப்போனார். மகனும் மாதம் தவறாமல் கம்பனிக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டான். அண்ணரின் வலது கை மட்டும் வேலையில்லாமல் மடியில் கிடந்தது.

விமலாதேவி அதை வீடியோ அழைப்பில் பார்த்தாள். பழக்கினால் கைக்குப் பலம் திரும்பும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பழக்காவிட்டால் அவ்வளவுதான். கரண்டியை அவர் கையில் கொடுக்கும்படி ஞாயிறுதோறும் அழைத்து நச்சரித்தாள். சட்டையில் கறி சிந்தினால் நட்சத்திரம் குறையும் என்று தாதி பயந்தாள். அண்ணருக்கோ மூக்குக்கு மேல் கோபம். டென்மார்க்கில் சும்மா நின்று விடுப்புப் பார்ப்பதற்குப் பெயர்தான் பராமரிப்போ என்று கேட்டார். விமலாதேவி மசியவில்லை. சட்டை நாறினாலும் ஐந்து நட்சத்திரம்தான் என்று மருமகனை ஒப்புக்கொள்ள வைத்தாள்.

போன ஞாயிறு அண்ணர் தானே வலது கையால் கரண்டியைப் பிடித்தார். பாதிச் சோறு வாய்க்குப் போனது, மீதி மடிக்கு. விமலாதேவிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தபடியே, மேசையில் காத்திருந்த தேவராசாவுக்குச் சோறு போட்டு, குழம்பு விட்டு, தண்ணீரையும் ஊற்றி வைத்தாள். தேவராசா சற்று முன்தான் சைக்கிளில் ஊரைச் சுற்றிவிட்டு வந்தவர்.

அண்ணர் திரையில் உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, மச்சானுக்கு எந்தக் கை வழங்காமப் போனது?"

தேவராசா சிரித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் சோற்றுக்காகத் தட்டை நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சட்டி உங்களுக்குப் பக்கத்திலதான் இருக்கு. அவசரமில்லை, ஆறுதலா எடுங்கோ. நான் நிண்டு பாக்கிறன்."