இரண்டு புள்ளிகள்

மறதி முற்றியிருந்த அப்பா தனியாக நடக்கப் போனால் எங்கே இருக்கிறார் என்று என் போனில் பார்த்துக்கொள்ள, இரண்டு நாள் சார்ஜ் நிற்கும் தடித்த போன் ஒன்றை அவருக்கு வாங்கினேன். "பாக்கெட்ல கல்லப் போட்ட மாதிரி இருக்குடா" என்று தினமும் அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். எரிச்சலில் மெல்லிசான ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதன் சார்ஜ் சாயங்காலம் வரை தாங்காது என்று கடைக்காரர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அப்பா எடுத்துப் போனாரே, அது போதும் என்றிருந்தேன்.

ஒருநாள் இருட்டியும் அவர் திரும்பவில்லை. திரையில் அவருடைய புள்ளி நாலு மணிக்கே ஈஜிபுரா சிக்னலில் நின்றுபோயிருந்தது. ஓடினேன். என் புள்ளி மெல்ல நகர்ந்து அவர் புள்ளியின் மேல் சரியாக ஏறி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா அங்கே இல்லை.