படலையைச் சாத்திவிட்டு ஓடவும்

மலையோட்டச் சப்பாத்து விற்பதென்றால், மலையே இல்லாத லண்டனில் முழங்காலில் நின்றுகொண்டு மலையைப் பற்றி அடித்துப் பேசுவது. சனிக்கிழமைகளில் பிறத்தியாரின் கால் பெருவிரலை அமத்திப் பார்த்துப் பிழைத்த எல்லாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். கிழமை நாளில் பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவப் படிப்பு, வார இறுதியில் ரவி அண்ணையின் கடை. அண்ணை சுவிஸில் இருந்தபோது பிடித்த மலைப் பைத்தியத்தை இங்கே கொண்டுவந்து வியாபாரமாக்கியவர். ஒவ்வொரு கோடையும் வாடிக்கையாளரை பஸ்ஸில் ஏற்றிப் பிரான்சின் நடுப்பகுதிக்குக் கூட்டிப்போவார். அங்கே அணைந்துபோன எரிமலைகளின் மேல், மாடு மேய்கிற புல்வெளிகளுக்கு ஊடாக, விடிய முன் தொடங்கி இருட்டும்வரை ஒரு ஓட்டப் போட்டி. நான் பிரான்சில் பிறந்தவள். ஆகவே பிரெஞ்சில் சண்டை பிடிப்பதும் என் சம்பளத்துக்குள் அடக்கம்.

ஒரு அளவு பெரிசு

றெஜினா அக்கா மன்னாரைச் சேர்ந்தவர், இருப்பது தென் லண்டனில், சட்டனில். பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் முழுக்க நின்ற இடத்தில் நிற்கிற வேலை. பின்னேரம் பார்க்கில் நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, ஓட்டம் எங்கள் கடைவரை வந்துவிட்டது. இறக்கத்தில் கால் வீங்கும், ஒரு அளவு பெரிசாக எடுங்கோ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகனுக்குச் சப்பாத்து பார்க்க வந்த கிங்ஸ்பரிக்காரர் ஒருவர் அக்காவைப் பார்த்து, "இந்த வயசில உதெல்லாம் தேவையோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய மகன் ஓடலாம், அவர் பார்த்துக்கொண்டு நிற்கலாம், ஒரு பெண் தன் காலை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் வயதுச் சான்றிதழ் வேண்டுமா என்று தொடங்கினேன். அவர் மெல்ல வாசல் பக்கம் நகர, நான் பின்னாலேயே போனேன். அக்கா ஒற்றைக் காலில் சப்பாத்தோடு கூப்பிட்டார்: "பிள்ளை, அவரோட பேந்து சண்டை பிடிக்கலாம். முதல்ல மற்றக் கால் சப்பாத்தைத் தா."

பாரம்

பஸ் புறப்படுமுன் ஒவ்வொருவர் பையையும் நான் பார்ப்பேன். விசில், மழைச் சட்டை, குளிர் தாங்கும் போர்வை, சாப்பாடு எல்லாம் கட்டாயம். ஓட்டக்காரர்கள் பாரத்துக்குப் பயந்தவர்கள். ஒரு ஆங்கிலேயர் தன் விசிலின் வளையத்தை அரிந்துவிட்டு வந்து, அதுவும் விசில்தான் என்று வாதாடினார். வாதத்தை நான் விடுவேனா? இருவருமே களைத்துப்போனோம்.

பக்கத்தில் அக்காவின் பை வயிறு முட்ட நின்றது. திறந்தால், ஈயத் தாளில் சுற்றி அடுக்கடுக்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். இதெல்லாவற்றையும் ஒருத்தி சாப்பிட ஏலுமா என்று கேட்டேன். "எனக்கெண்டு ஆர் சொன்னது? வழியில எத்தினை பேர் பசியோட வருவினம்."

மணிக்கூடு

அந்த முதல் வருடம் நான் இடைவழிச் சாவடி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக நின்றேன். குறித்த நேரத்துக்குள் அங்கே வராதவரை மேற்கொண்டு ஓட விடமாட்டார்கள். அக்கா கொஞ்சம் பிந்தி வந்தார். மூச்சு வாங்கவில்லை, கால் நோவில்லை, பிந்தியது மட்டும்தான். காரணத்தைக் கேட்டபோது தலையில் கை வைத்தேன். புல்வெளிக்குப் புல்வெளி வேலி, வேலிக்கு வேலி திறந்து மூடுகிற மரப் படலை. மாடு வெளியேறாமல் படலையைச் சாத்திவிட்டு ஓடவும் என்று பலகை. அக்கா சாத்தத்தான் திரும்புவார். தூரத்தில் ஒருவர் வருவது தெரியும். வருகிற ஆளின் முகத்தில் எப்படிச் சாத்துவது? பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஆள் வந்து சேர, பின்னால் இன்னொருவர் தெரிவார்.

அவர்கள் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு அக்காவைக் கடந்து போய், நேரத்துக்கு வந்து, ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா? சாவடிப் பொறுப்பாளரிடம், உதவியதற்குத் தண்டனை கொடுக்கும் விதி விதியே அல்ல என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு அக்காவின் இலக்கத் துணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்கள் சொல்வதெல்லாம் சரி, மத்மசெல். மணிக்கூடும் சரி."

களஞ்சியக் கதவு

இந்த வருடம்தான் அக்காவுக்குக் கடைசித் தருணம். இலையுதிர் காலத்தில் முழங்காலில் சத்திரசிகிச்சை. அதன்பின் மலை கிடையாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சட்டன் தேவாலயச் சனம் எல்லாம் நேர்ந்துகொண்டிருந்தது. மன்றாட்டோடு கொஞ்சம் பயிற்சியும் வேண்டும் என்று, கடையின் களஞ்சியக் கதவைப் படலையாக வைத்து ரவி அண்ணை ஒத்திகை நடத்தினார். திற, புகு, சாத்து, திரும்பிப் பார்க்காதே. நான்தான் பின்னால் ஓடி வருகிறவள். என் முகத்தில் அக்கா நன்றாகவே சாத்தப் பழகியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து பார்சல்காரன் உள்ளே வந்தான். அக்கா கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "றெஜினா, அவன் போட்டியில இல்லை," என்று அண்ணை தலையிலடித்துக்கொண்டார். அக்காவுக்கு அண்ணையில்தான் கோபம். "ரெண்டு கையிலயும் பெட்டி வச்சிருக்கிறான். உங்களுக்குக் கண் தெரியேல்லையோ, அண்ணை?"

கடைசிப் படலை

ஆளைத் திருத்த ஏலாது என்று ஆனபின் படலையைத் திருத்தலாம் என்று பட்டது. சாவடிக்கு முந்தின படலைகளில் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதி எழுதி அலுப்புக் கொடுத்தேன். தொண்டர்களை நிறுத்தச் சம்மதித்தார்கள், கடைசிப் படலையில் நான் நின்றால். நின்றேன். காற்று ஆளைத் தள்ளியது. சிவத்த மாடுகள் சுற்றி நின்று என்னையே பார்த்தன. கீழே அதே பொறுப்பாளர், அதே கோப்பி.

நேரம் முடிகிற தறுவாயில் அக்கா மேட்டில் தெரிந்தார், முழங்காலில் கட்டோடு. "ஓடுங்கோ அக்கா, நான் பிடிக்கிறன்," என்றேன். அவர் படலைக்குள் வந்து, நின்று, என்னை மேலும் கீழும் பார்த்து, காலையிலிருந்து ஏதும் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் கீழே சாவடியைக் காட்டிக் கத்தினேன். அவரோ பையின் சிப்பைத் திறந்து ஈயத் தாள் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். "கத்தாத, மாடு வெருளும். இந்தா, சாப்பிட்டிட்டுக் கத்து."

அக்கா சாவடியை நூலிழையில் தாண்டி, இருட்டுப்பட்ட நேரம் கடைசிக்கு முதல் ஆளாக ஓட்டத்தை முடித்தார், அவருக்குப் பின்னால் வந்த கடைசி ஆள் அக்காவின் ரொட்டியைச் சப்பிக்கொண்டே கோட்டைத் தாண்டினான், விதிகளை எதிர்த்துப் பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் சேர்ந்தும் இன்றுவரை ஒருவரையும் மலையிலிருந்து இறக்கியதில்லை.