நாலந்தா குளத்தில் ஒரு சிவப்புப் படகும் ஒரு பச்சைப் படகும்

பெயின்ட் வாசனை ஒரு வாரமாக விரலை விட்டுப் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும், சோற்றில் கை வைத்தால் அதே வாசனைதான்...

எழுபதுகளின் தொடக்கம். இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து நாலந்தாவில் என் மாமாவின் மிளகு, கொக்கோ வாங்கும் கடையில் நான் வேலைக்கு இருந்தேன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தச்சு வேலை செய்தவன் சவரிமுத்து. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் நான் முஸ்லிம் என்பதால், அண்ணன் என்ற பொருளில் என்னை "நானா" என்றுதான் கூப்பிடுவான்.

காற்றில் சாய்ந்த லுணுமிதெல்ல மரம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. சவரி ஆளுக்கொன்றாக இரண்டு சின்னப் படகுகள் செய்தான். ஒரே மரம், ஒரே நீளம், ஒரே அகலம். ஞாயிற்றுக்கிழமை குளத்தில் மீன் பிடிக்கலாம் என்று திட்டம்.

வம்பு தொடங்கியது பெயின்டில்தான்.

எதுவும் கிடைக்காத காலம் அது. தோட்டத்து ஃபேக்டரிக் கூரைக்கு அடித்து மீந்த சிவப்பு அவனுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது பள்ளிவாசல் ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சை.

"செவப்புதான் வேகம் நானா," என்றான். "பஸ்ஸப் பாருங்க. செவப்பு."

"அதான் ஏத்தத்துல நின்னு நின்னு போகுது. கிளியப் பாரு, பச்சை. எப்படிப் பறக்குது!"

"கிளிக்கு ரெக்க இருக்கு. பள்ளி ஜன்னலுக்கு ஓடத் தெரியுமா?"

"ஃபேக்டரிக் கூரை மட்டும் ஓடுமாக்கும்!"

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். குளத்தில் வலை போடும் சிங்களவர் பண்டா மாமாவிடம் நியாயம் கேட்டுப் போனோம். அரைகுறைத் தமிழில் அவர் சொன்னார்: "மீனுக்குக் கலர் தெரியாது. ஒங்க ரெண்டு பேர் சத்தம்தான் தெரியும். எல்லா மீனும் ஓடிப் போச்சு."

அப்புறம் என்ன, போட்டி. அணைக்கட்டிலிருந்து, தண்ணீருக்குள் பட்டுப்போய் நின்ற மரங்கள் வரை. பண்டா மாமாதான் நடுவர்.

முதல் ஞாயிறு அவன் ஜெயித்தான். காற்று என் பக்கம் இல்லை என்றேன். இரண்டாவது ஞாயிறும் அவன்தான். தாமரைக் கொடி துடுப்பில் சிக்கியது என்றேன். மூன்றாவது முறை, பச்சை பெயின்ட் இரண்டு கோட் அடித்ததால் கனம் என்றேன். சவரி சிரித்துச் சிரித்துப் படகிலிருந்து விழப் பார்த்தான். தச்சனின் கைக்கு மிளகுக் கடைக்காரன் கை ஈடாகாது என்று எனக்கும் தெரியும். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது ஞாயிறு...

மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தான். பண்டா மாமா கையைத் தட்டியதும் இரண்டு பேரும் கிளம்பினோம். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். சிவப்புப் படகு பின்னால் இருந்தது! உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டேன். மரத்தைத் தொட்டேன். துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"செவப்பு தோத்துருச்சு! போ, அதுக்கும் பச்சை அடி!"

குளம் முழுக்க என் சத்தம்தான் கேட்டது. அவன் நடுத்தண்ணீரில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"என்ன சவரி, கை வலிக்குதா?"

"பாஸ்போர்ட் வந்துருச்சு நானா."

"யாருக்கு?"

"எனக்கு, ரோசலினுக்கு, பாப்பாவுக்கு... எல்லாருக்கும்."

ரோசலின் அவன் மனைவி. பாப்பா நடக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்துத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்பது ஊரெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் அந்தப் பட்டியலில் சவரி இருப்பான் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"போகாம இருக்க ஏலாதா?"

"எங்கப்பா இந்தியாவுக்குப் போறம்னு எப்பவோ கையெழுத்து வச்சிட்டாரு. அவரும் செத்துட்டாரு. இப்ப யாருகிட்டப் போயி வேணாம்னு சொல்றது?"

"அங்க எந்த ஊரு?"

"எறங்கினதும் சொல்லுவாங்களாம்."

ஒரு நிமிடம் முன்னால் நான் கத்திய கத்தல் எனக்கே அசிங்கமாக இருந்தது. இரண்டு படகும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டே கரைக்கு வந்தன.

மாத்தளை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். அன்று நாலைந்து குடும்பங்கள். பிளாட்ஃபாரம் முழுக்கத் தகரப் பெட்டிகள், ஒப்பாரி. பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதார்கள். சவரி அழவில்லை. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"கொப்புளமா இருக்கே நானா. துடுப்ப இவ்வளவு இறுக்கிப் புடிக்கக் கூடாது. லேசாப் புடிங்க."

அவ்வளவுதான் சொன்னான். ரயில் கிளம்பியது.

அவன் விட்டுப்போன படகைப் பண்டா மாமாவுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் குளத்துப் பக்கம் அதிகம் போகவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நீலகிரியில் எங்கோ தேயிலை எடுக்கிறார்களாம். குளிர் தாங்கவில்லையாம். பாப்பாவுக்கு இருமலாம். அங்குள்ளவர்கள் இவர்களை "சிலோன்காரன்" என்கிறார்களாம். "அங்க இருந்தப்ப இந்தியாக்காரன், இங்க வந்ததும் சிலோன்காரன், நல்ல வேடிக்கை நானா" என்று எழுதியிருந்தான். இப்போது குளத்துப் போட்டியில் யார் ஜெயிக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தான்.

நாளைக்குப் பதில் எழுதலாம் என்று அலுமாரியில் வைத்தேன். அப்புறம் என் கல்யாணம் வந்தது. மாமா படுத்த படுக்கையானார். கடைப் பொறுப்பு முழுக்க என் தலையில். ஒரு வழியாக எழுதிப் போட்டேன். மூன்று மாதத்தில் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. அந்த முகவரியில் ஆள் இல்லை என்று மேலே எழுதியிருந்தது.

போன வருடம் பேரனை விட்டு ஃபேஸ்புக்கில் தேடச் சொன்னேன். எத்தனையோ சவரிமுத்துகள் வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்... இல்லை.

இப்போது எல்லாம் கைக்குள்ளேயே இருக்கிறது. நேற்று ஒரு நண்பருக்கு மெசேஜ் போட்டு, பார்த்துவிட்டும் பத்து நிமிடமாகப் பதில் போடவில்லையே என்று அவர்மேல் கோபப்பட்டேன்.

சவரியின் கடிதத்தை நான் எட்டு மாதம் அலுமாரியில் வைத்திருந்தேன்.