கத்தாத பிரேக்

எங்கள் ஊரான தம்போயில் எங்கள் கார் பிரேக் போட்டால், அந்தக் கத்தலில் சந்தே திரும்பிப் பார்க்கும். "ஸ்கூல் வாசல்ல மானம் போகுதுப்பா" என்று மகள் முகம் சுளித்ததால், போன வருடம் பிரேக் பேட் மாற்றப் போனேன். ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். "எது சத்தம் போடாதோ அதையே போடுங்க" என்றேன். வேறு எதையும் கேட்கவில்லை.

அன்று மாலை சந்துக்குள் திரும்பினேன். யாரோ இரைச்சலாக மெஷினில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் பக்கத்து வீட்டு அந்தோணி அங்கிள் நடந்து போனார். சர்க்கரை நோயில் பார்வையை இழந்தவர். நான் வரும்போதெல்லாம் ஓரமாக நின்றுகொள்வார். அன்று ஒதுங்கவே இல்லை. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். கார் சத்தமே இல்லாமல், அவர் கைத்தடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்தேன்.

"தம்பியா? உங்க பிரேக் கத்துனா ஒதுங்கிக்குவேன்லா. இன்னிக்கு கேக்கல. சாரிப்பா" என்றார்.

மன்னிப்புக் கேட்டவர் அவர்.

இப்போது சந்து முனையிலேயே கண்ணாடியை இறக்கிவிட்டு, "அங்கிள், நாங்கதான் வர்றோம்!" என்று கத்துகிறோம். என்னைவிடச் சத்தமாகக் கத்துவது என் மகள்தான்.