கூரையில் திறந்த ஜன்னல்

புனேயின் கேம்ப் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், நடக்க முடியாத மாமனாருக்காக ஓர் அறை கட்டினோம். சுற்றிலும் அடுத்த வீட்டுச் சுவர்கள். ஜன்னலுக்கு இடமே இல்லை.

"வெளிச்சமும் காத்தும் இல்லாத ரூமுக்கு விதிப்படி அனுமதி கிடைக்காது. சரிவுக் கூரையிலயே திறக்கிற மாதிரி கண்ணாடி ஜன்னல் வைங்க" என்றார் இன்ஜினியர். மழை ஒழுகுமே என்று எனக்கு எரிச்சல்.

இன்று காலை மாட்டி முடித்தார்கள். மாமாவைக் கட்டிலில் படுக்க வைத்தோம். அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலே ஒரு பருந்து மெதுவாகக் கடந்து போனது.

"படுத்த இடத்துலயே வானம் கிடைக்கும்னு நினைக்கலம்மா" என்றார்.

நானும் பக்கத்தில் தரையில் படுத்தேன். இவ்வளவு பெரிய வானமா எங்கள் வீட்டுக்கு மேலே!

நாங்கள் இரண்டு பேரும் இன்னும் எழுந்திருக்கவில்லை; சமையலும் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என்ன ஆர்டர் பண்ணலாம், சொல்லுங்கள்.