பூனை இருக்கிற வீடு

என் மகளுக்கு ஆறாம் மாதம் முடிகிற சமயம். மூலக்குளத்தில் அவள் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பந்தியம்மா காபி கொடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பூனை இருக்கிற வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய அனுப்ப எங்களுக்கு மனசு வரல. ஏதோ கிருமி இருக்காமே, வயித்துல இருக்கிற புள்ளைக்கே ஆவாதாமே."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மகளை உறுவையாற்றில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்துவரலாம் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி தவறி மூன்று வருஷம். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் நானும் ஒரு சாம்பல் நிறப் பூனையும்தான். பகலெல்லாம் அதனிடம்தான் பேசுவேன். சில மாதமாவது வீட்டில் இன்னொரு குரல் கேட்கும் என்றிருந்த ஆசையில் இந்த அம்மா மண்ணைப் போட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "அது இன்னா புலியா? கையளவு பூனைம்மா!" என்றேன். மாப்பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தலையைக் குனிந்து, நான் கொண்டுபோன கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்காக அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் மனது அடித்துக்கொண்டது.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆகாது என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கிருமி என்றால் அந்த முடியில்தான் இருக்கும் என்று நானாக முடிவு கட்டினேன். மெத்தை உறை, போர்வை, ஜன்னல் துணி எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன். தரையை இரண்டு வேளை ஈரத்துணியால் துடைத்தேன். பேன் சீப்பு வாங்கிவந்து பூனைக்கு வாரினேன். அது என்னைப் பிராண்டிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடியது. அங்கே கொத்தமல்லிப் பாத்தியைக் காலால் தோண்டி, தன் வேலையை முடித்து, மூடிவிட்டு வந்தது. அதை நான் தினமும் பார்ப்பவன்தான். வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாத சுத்தமான பூனை என்று எனக்குப் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பாத்தியிலிருந்து மகளுக்குக் கொத்தமல்லி கொண்டுபோவேன். வேரும் மண்ணுமாகப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றினால்தான் வாடாது. மசக்கையில் அவளுக்கு வேறெதுவும் இறங்கவில்லை. மோர் சோறும், பச்சையாக அரைத்த கொத்தமல்லித் துவையலும்தான்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் வாயால் பூனைக்குச் சாதகமாக ஒரு வார்த்தை வாங்கி, சம்பந்தியம்மா முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம். சின்ன வயது டாக்டரம்மா. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"முடியில ஒண்ணும் இல்லைங்க. பூனைய விரட்டவும் வேணாம். எலி, குருவி, பச்சைக் கறின்னு சாப்பிட்ட பூனையோட மலத்துல கொஞ்ச நாளைக்கு அந்தக் கிருமி வரும். அது மண்ணுல விழுந்தா மாசக்கணக்கா சாகாது. அந்த மண்ணு வாய்க்குள்ள போறதுதான் ஆபத்து. அரைவேக்காட்டுக் கறியிலயும் வரும். கர்ப்பத்துல புதுசா வந்தா குழந்தையோட கண்ணு, மூளைய பாதிக்கலாம்."

பிறகு மகளிடம், "பச்சையா ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"கொத்தமல்லித் தொவையல், டாக்டர். அப்பா தோட்டத்துது."

"எப்படிக் கழுவுவீங்க?"

"அப்பா குடுத்ததுதானேன்னு ஒரு வாட்டி தண்ணியில முக்கி எடுப்பேன்."

முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி மின்கசிவு எங்கே என்று தேடினவன் நான். என் வீட்டுக் கசிவை நானே வண்டிப் பையில் வைத்து வாராவாரம் மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். இரத்தப் பரிசோதனை முடிவு வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் பூனையோடுகூட நான் பேசவில்லை. பயந்துபோயிருந்தேன். பேரப்பிள்ளையின் கண்ணை நானே கெடுத்திருப்பேனோ என்ற நினைப்போடு சோறு பிசைந்தால் எப்படி உள்ளே போகும்?

முடிவு நல்லபடியாக வந்தது. அந்தக் கிருமி அவள் உடம்பில் இதுவரை நுழைந்ததே இல்லை. "ஒரு தடவ வந்து போயிருந்தா எதிர்ப்பு இருக்கும். இவங்களுக்கு அது இல்ல. பிரசவம் வரைக்கும் கவனமா இருங்க" என்றார் டாக்டர்.

கவனம் என்றால் எப்பேர்ப்பட்ட கவனம்! பாத்தியிலிருந்த கொத்தமல்லியை அழித்துவிட்டு அதன்மேல் கோழிவலை அடித்தேன். பூனைக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டில் மணல் போட்டுப் பழக்கினேன். கிருமி வெளியே வந்து ஒருநாளாவது ஆன பிறகுதான் தொற்றுமாம். அதனால் தினமும் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு நானே அள்ளிக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். எலி பிடிக்கப் போகாதபடி பூனையை வீட்டுக்குள்ளேயே அடைத்து, மீனை வேகவைத்துக் கொடுத்தேன். காய், கீரை எல்லாம் மூன்று தண்ணீரில் கழுவினேன். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சினேன். எனக்கு இவ்வளவும் தேவையில்லை. அவள் வரும்போது கை பழகியிருக்க வேண்டும் என்று செய்தேன். எல்லாவற்றையும் ஃபோனில் சம்பந்தியம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "சரிண்ணா, சரிண்ணா" என்றார்; அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

வளைகாப்பு அன்று கார் பேசி எடுத்துக்கொண்டே போனேன். வளையல் போட்டு, சோறு போட்டு, வந்தவர்கள் கிளம்பியபின் மகள் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் வரலப்பா."

"பூனைதான? டாக்டரே சொல்லிட்டாங்களேம்மா. தட்டு, வலை எல்லாம்…"

"பூனை இல்லப்பா. அத்தை பாவம், அவங்களா ஒண்ணும் சொல்லல. நான்தான் பூனைன்னு சொல்லச் சொன்னேன். உன் மூஞ்சப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல." கை நிறைய வளையலோடு கண்ணைத் துடைத்தாள். "அம்மா இல்லாம அந்த வூட்டுல எனக்குத் தூக்கம் வராதுப்பா. ஒரு ராத்திரிகூட என்னால இருக்க முடியாது."

"சரிம்மா. ஒடம்பப் பாத்துக்கோ" என்றேன்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் நான் எப்படித் தூங்குகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், துணைக்குப் பூனை இருக்கிறதே, நன்றாகத் தூங்குகிறேன் என்று பொய் சொல்லியிருப்பேன்.